தன்னைக் காட்டாத இருள்

கெடாவின் கூலிம், லுனாஸ், பாடாங் செராய் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாண்டு படித்த பிள்ளை, 13 வயதில் முதலாம் படிவத்துக்குப் போகிறது. அதுவரை பக்கத்து மேசைக்காரனும் தமிழ் பேசினான், தலைமையாசிரியரும் தமிழ் பேசினார். தான் எந்த இனம் என்று அந்தப் பிள்ளை யோசிக்க வேண்டி வந்ததே இல்லை. தேசியப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வந்தவர்களோடு ஒரே வகுப்பறையில் உட்காரும் நாளில்தான் அந்தக் கேள்வி முளைக்கிறது. பதிவுப் பாரத்தில் மலாய், சீனர், இந்தியர், மற்றவர் என்று நான்கு கட்டம். ஒன்றில் குறியிட்டாக வேண்டும். ஓய்வுநேரத்தில் சிற்றுண்டிச்சாலை வரிசையில் பின்னாலிருந்து, இந்தியரை இழிக்கும் 'கெலிங்' என்றோ கறுப்பு என்று பொருள்படும் 'ஹித்தாம்' என்றோ ஒரு குரல் வரும். ஹொக்கியன் பேசும் பையனாக இருந்தால் 'கிலிங் கியா' என்பான். புகார் கட்டொழுங்கு ஆசிரியரிடம் போனால் பதில் தயாராக இருக்கும்: "குராவ் ஜா, சிக்கு." விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அந்தப் பையன் பொய் சொல்கிறான் என்று சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பெரும்பாலும் அவன் அப்படித்தான் நம்புகிறான். பிறரைக் குத்தும்போது குத்துகிறோம் என்றே தெரியாமல் போகிறதே, அது எங்கிருந்து வருகிறது? மனவியல் கேட்கும் இந்தக் கேள்வியைச் சமயமும் கேட்டாக வேண்டும். சைவ சித்தாந்தம் இதற்கு ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறது. நம் கோயில் வகுப்புகளிலோ தமிழ்ப்பள்ளிகளிலோ அதை இந்தக் காரியத்துக்கு யாரும் எடுத்தாள்வதில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் இரண்டு. பிள்ளை மனம் கள்ளமற்றது, பெரியவர்கள்தான் நஞ்சை ஊற்றுகிறார்கள் என்பது முதலாவது. அதற்குச் சான்றும் உண்டு. 2010 ஆகஸ்டில் ஜொகூர், கூலாயில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர், சீன மாணவர்கள் சீனாவுக்குத் திரும்பலாம் என்றும், இந்து மாணவர்கள் கட்டியிருக்கும் சாமிக் கயிற்றைப் பார்த்தால் நாயைப் போல் இருக்கிறது என்றும் பேசியதாகக் குற்றச்சாட்டு எழுந்து நாடு முழுக்கக் கொதித்தது. அதே மாதம் நம் கெடாவில், புக்கிட் செலாம்பாவில், நோன்பு மாதத்தில் பள்ளியில் சாப்பிட்ட சீன மாணவர்களைச் சீனாவுக்குப் போகச் சொன்னதாக இன்னொரு தலைமையாசிரியர் மீது புகார் வந்தது. 2013 ஜூலையில் சுங்கை பூலோவில் ஒரு தொடக்கப்பள்ளியின் முஸ்லிம் அல்லாத பிள்ளைகள், சிற்றுண்டிச்சாலை மூடப்பட்டிருந்ததால், உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து சாப்பிட்ட படங்கள் வெளிவந்தன. பெரியவர்கள் இப்படி இருக்கும் இடத்தில் பிள்ளைகள் என்ன கற்பார்கள் என்பது நியாயமான கேள்வி. இரண்டாவது விளக்கம், ஒருவரையொருவர் தெரியாததுதான் காரணம் என்பது. அதனால்தான் பள்ளியில் ஒற்றுமை நாள் வைத்து, சேலையும் பாஜு குரோங்கும் சியோங்சாமும் உடுத்தி, முறுக்கையும் குவேயையும் பகிர்ந்துகொள்கிறோம். நல்லதுதான். ஆனால் முறுக்கு தின்ற வாய் மறுநாள் 'கெலிங்' என்று சொல்லாமல் இருக்கிறதா? தெரியாமைதான் நோய் என்றால், நான்கு ஆண்டுகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்த பிறகு அது குணமாகியிருக்க வேண்டும்.

இந்த இரண்டு விளக்கமும் எட்டாத இடம் ஒன்று உண்டு. அதைக் காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். நாஜிகளின் படுகொலையில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். பின்னர் இங்கிலாந்தில் மனவியல் பேராசிரியரானவர். 1970இல் அவர் வெளியிட்ட ஆய்வில் பங்கெடுத்தவர்கள் பிரிஸ்டல் நகரப் பள்ளியொன்றின் 14, 15 வயதுப் பையன்கள். ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்று கேட்டு, அதை வைத்து அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். தன் குழு எது என்பது மட்டும் ஒவ்வொருவருக்கும் தெரியும்; மற்றவர்களில் யார் எந்தக் குழு என்பது மறைவு. நிறம், மதம், மொழி, பழைய பகை எதுவும் இல்லை. பிறகு, பெயர் தெரியாமல் குழு மட்டும் தெரிந்த மற்றவர்களுக்குப் பணமாக மாறக்கூடிய புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். தனக்கென்று எடுத்துக்கொள்ள வழியில்லை. பையன்கள் தங்கள் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். அதில் வியப்பில்லை. வியப்பு அடுத்ததில் இருக்கிறது: தங்கள் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட எவ்வளவு கூடுதல் என்ற இடைவெளி பெரிதாக வேண்டும் என்ற கணக்கையே பலர் தேர்ந்தெடுத்தார்கள். நமக்குக் கிடைப்பதைக் காட்டிலும் அவன் கீழே இருப்பது முக்கியம். இதை எந்தப் பெற்றோரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வரலாற்றுப் பாடநூலிலும் இல்லை. காரணம் வெளியே கிடைக்காதபோது உள்ளே தேடுவதுதான் முறை.

சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய மலங்கள் மூன்று என்கிறது: ஆணவம், கன்மம், மாயை. இவற்றில் ஆணவத்தை மூல மலம் என்று தனியே நிறுத்துகிறது. செம்பில் களிம்பு என்றைக்கு ஏறியது என்று சொல்ல முடியாததுபோல், ஆணவம் உயிரோடு என்றைக்கும் இருப்பது. யாரும் வந்து ஊட்டியதல்ல. பேச்சு வழக்கில் நாம் ஆணவம் என்பதைத் திமிர் என்ற பொருளில் வழங்குகிறோம். சித்தாந்தத்தில் அதன் வேலை மறைப்பது. அதனால் அதற்கு இருள் என்றே பெயர். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் இதை மேலும் நுட்பமாக வகுத்தார். வெளியிருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டிவிடும். ஆணவ இருளோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இனவாதத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியுமா என்பது சந்தேகமே. தான் இனவாதி என்று ஒப்புக்கொள்ளும் இனவாதி அநேகமாகக் கிடைக்கமாட்டான். 'குராவ் ஜா' என்ற பையனின் நம்பிக்கையும் இந்த வகைதான். எதிரே நிற்பவனை அவன் பார்ப்பதில்லை. பார்க்கவில்லை என்பதையும் பார்ப்பதில்லை. மாயை உடம்பைத் தருகிறது, நிறத்தைத் தருகிறது, ஊரையும் மொழியையும் தருகிறது. உயிருக்கு இவை எதுவும் கிடையாது. மாயை தந்த சட்டையை உயிரென்று மயங்கவைப்பது ஆணவம். அப்படியானால், பெரியவர்கள் பிள்ளைக்குத் தருவது இன்ன சட்டை உயர்ந்தது, இன்ன சட்டை தாழ்ந்தது என்ற பட்டியலைத்தான். தாழ்த்திப் பார்க்கும் வேட்கை பிள்ளையோடு முன்பே இருக்கிறது.

இதை ஏற்றுக்கொண்டால் கசப்பான ஒன்றையும் சேர்த்தே ஏற்க வேண்டும். ஆணவம் எல்லா உயிருக்கும் பொது என்றால், அடிபட்ட உயிருக்கும் அது பொது. 'இந்தர்லோக்' விவகாரத்தை எண்ணிப் பாருங்கள். கெடா, யான் வட்டாரத்தில் பிறந்த தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளிவந்த அந்த நாவல், 2011இல் ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலானது. அதில் இந்தியர்களைக் குறித்து 'பறையா' என்ற சொல் வந்ததை எதிர்த்து நாடெங்கும் நம்மவர்கள் போராடினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் நூலைக் கைவிடும் முடிவு வந்தது. போராட்டம் நியாயமானது, வகுப்பில் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சொல்லிச் சீண்டுவார்கள் என்ற அச்சமும் நியாயமானது. ஆனால் நம் மேடைகளில் இரண்டு விதமான வாதம் ஒலித்தது. எந்த மனிதரையும் இழிவாகக் குறிக்க ஒரு சாதியின் பெயர் ஆகாது என்றார்கள் சிலர். இங்கே வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சாதியினர் அல்லர், உயர்ந்த சாதியினரும் வந்தார்கள் என்றார்கள் வேறு சிலர். முதல் வாதம் இழிவை எதிர்த்தது. இரண்டாவது வாதம் இழிவை வைத்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றச் சொன்னது. ஓர் உயிரின் மானத்துக்காகத் தொடங்கிய போராட்டத்தின் நடுவிலேயே ஆணவம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது வந்ததை மேடையில் இருந்தவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது என்றும் பார்க்கலாம். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குமுன் பள்ளியில் அவரைத் தொடர்ந்து சீண்டியிருந்தார்கள். அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஆணையம் 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றோடு பள்ளிக்கு வருவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. காரணம், தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லிவிடும். கூலாயில் கயிறு கட்டிய கை இழிவுபட்டது. தென்மாவட்டங்களில் கயிறு கட்டிய கை இழிவுபடுத்துகிறது. இரண்டும் தமிழ்ப்பிள்ளையின் கைதான். கெடாவுக்கே திரும்பினாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் தொடங்கியதிலிருந்து தொழிற்சாலைகளுக்கு அந்நியத் தொழிலாளர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். நம் முன்னோர் பால் மரம் வெட்டிய தோட்டங்களில் இன்று வேலை செய்வோரிலும் அவர்கள் பலர். அவர்களை 'பங்களா' என்று நம் வீடுகளில் சொல்லும் தொனியைக் கேட்டுப் பாருங்கள். கறுத்த பெண்பிள்ளைக்குப் பவுடர் பூசிவிட்டு 'இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கே' என்று சொல்லும் பாசத்தையும் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் 'ஹித்தாம்' என்று கேட்கும் முன்பே அந்தப் பிள்ளை வீட்டில் அதைக் கேட்டுவிட்டது.

இங்கே எழும் மறுப்பு வலுவானது. அதிகாரம் ஒரு பக்கம் இருக்க, அடி வாங்குகிறவனிடம் போய் 'உன் உள்ளத்தைப் பார்' என்பது அநியாயம் அல்லவா? பெருந்தொற்றைக் காரணம் காட்டி 2021இல் கெடா மாநில அரசு தைப்பூச விடுமுறையை ரத்து செய்தபோது, நம் பிள்ளைகளின் வாயிலிருந்த சொல்லா அதற்குக் காரணம்? அல்லதான். ஆணவம் எல்லாருக்கும் பொது என்பதால் குற்றமும் எல்லாருக்கும் சமம் ஆகிவிடாது. ஒரே குணம் அதிகாரம் உள்ள கையில் பெரிய தீங்காகிறது. ஆகவே அரசுக்கும் பள்ளிக்கும் பொறுப்பு அதிகம். ஆனால் தன்னைத் திருத்துவதும் நீதி கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிர் என்ற எண்ணம் தவறு. நம் தோட்டத்து வரலாறே அதற்குச் சாட்சி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வெள்ளைக்காரரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடவும் கேட்டார்கள். இரண்டும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. போருக்குப் பிறகு, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை நடுவாகக் கொண்டு கெடாவில் எழுந்த தொண்டர் படையும் கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. 1947இல் போலீசாரோடு மோத நேர்ந்தது, உயிரும் போனது. துரையிடம் மரியாதை கேட்டவர்களும் தங்களைத் தாங்களே திருத்திக்கொண்டவர்களும் ஒரே ஆட்கள். உள்ளே திருந்தியதால் வெளியே அவர்கள் குரல் தாழவில்லை, இன்னும் ஓங்கியது.

இரண்டாவது மறுப்பு, பிள்ளைகளுக்குப் பெருமையைக் கொடுத்தால் போதும் என்பது. கெடாவில் இது இன்னும் சுலபம். மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. இராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் இதுதான் என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. 2013இல் அங்கே ஒரு பழைய சண்டி (கோயில் எச்சம்) வீடமைப்புக்காக இடிக்கப்பட்ட செய்தி வந்தபோது நமக்கு வலித்தது, வலிக்க வேண்டியதுதான். வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் 'உன்னை இழிவாகப் பேசியவனின் மண்ணை உன் பாட்டன் வென்றான்' என்று சொல்லி நிமிர்த்தினால், அந்தப் பிள்ளை கற்பது என்ன? வென்றவனுக்குத்தான் மதிப்பு என்பதை. அப்படியானால் இன்றைக்கு எண்ணிக்கையிலும் பதவியிலும் முன்னால் இருப்பவன் கேட்கும் மதிப்பையும் அது மறுக்க முடியாது. ஆணவத்துக்கு ஆணவம் மருந்தாகாது. சித்தாந்தம் பிள்ளைக்குத் தரும் தரை இதைவிட உறுதியானது: உன் மதிப்பு உன் பாட்டன் வென்றதாலோ உன் இனம் பழையது என்பதாலோ வந்ததல்ல, நீ உயிர் என்பதால் வந்தது. அதனால் அதை எவனும் எடுத்துவிட முடியாது. இதே காரணத்தால்தான் எதிரே நிற்பவனின் மதிப்பையும் நீ எடுத்துவிட முடியாது.

மூன்றாவது மறுப்பு சமயத்தின் உள்ளிருந்தே வருகிறது: எல்லாம் அவரவர் வினை, முற்பிறப்பில் செய்ததை இப்போது அனுபவிக்கிறான். ஆறுதலாகச் சொல்லத் தொடங்கி அலட்சியமாக முடியும் பேச்சு இது. வினைக் கொள்கையை அரைகுறையாகப் படித்ததன் விளைவு. சித்தாந்தம் நுகரும் வினையைப் பிராரத்தம் என்றும், நுகரும்போதே புதிதாய் ஈட்டும் வினையை ஆகாமியம் என்றும் பிரித்து வைக்கிறது. அடிபடுகிறவனின் பிராரத்தக் கணக்கு நமக்குத் தெரியாது. அதைப் பார்க்கும் அதிகாரமும் நமக்கு இல்லை. அடிக்கிறவனின் ஆகாமியம் நம் கண்முன்னே ஏறிக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவனின் ஆகாமியமும் அப்படியே. யாருடைய வினையையும் ஊட்டிவிடும் வேலையை இறைவன் ஒரு மாணவனிடமும் ஒப்படைக்கவில்லை. நான்காவது மறுப்பு: சாதியைக் கோயிலுக்குள் வைத்திருந்த சமயத்துக்கு இதைப் பேச என்ன தகுதி? கேள்வி சரி. நந்தனார் தில்லைக்குள் நுழையத் தீயில் மூழ்க வேண்டியிருந்ததை நம் புராணமே சொல்கிறது. ஆனால் உமாபதி சிவமே தில்லை அந்தணர்களால் விலக்கி வைக்கப்பட்டவர் என்றும், பெற்றான் சாம்பான் என்ற தாழ்த்தப்பட்டவருக்குத் தீக்கை அளித்தவர் என்றும் மரபு கூறுகிறது. சித்தாந்தத்தின் தவறு அது பேசிய உண்மையில் இல்லை. பேசியவர்கள் அதைத் தங்கள் வீட்டு வாசலோடு நிறுத்திக்கொண்டதில் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? சட்டம் வேண்டும்; வந்தும் இருக்கிறது. 2024 ஜூலையில் இணையத்தில் தொடர்ந்து துன்புறுத்தப்பட்ட ஓர் இந்தியப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். துன்புறுத்தியதற்காகத் தண்டனை பெற்றவர்களும் நம் சமூகத்தினரே. அவர்களில் ஒருவருக்கு அப்போதிருந்த சட்டப்படி விதிக்க முடிந்தது 100 ரிங்கிட் அபராதம்தான். அதன் பிறகு குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, பகடிவதைக்கான தனிப் பிரிவுகள் 2025 ஜூலையில் அமலுக்கு வந்தன. சட்டம் கையைப் பிடிக்கும், கண்ணைத் திறக்காது. கண்ணைத் திறக்க, பார்த்துக்கொண்டு நிற்பவர்களிடம் தொடங்க வேண்டும். பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவள்ளி 1996இல் காட்டியது இதைத்தான்: பகடிவதை இருவருக்கு நடுவே நடப்பதில்லை, கூடச் சேர்கிறவன், சிரித்து ஊக்குவிக்கிறவன், விலகிப் போகிறவன், காக்க வருகிறவன் என்று வகுப்பு முழுவதும் அதில் பங்கெடுக்கிறது. அந்த நாட்டின் 'கிவா' திட்டம் இந்தப் பார்வையாளர்களை மாற்றுவதையே மையமாக வைத்தது. நம் பள்ளிகளில் இதற்கு ஒரு தடை இருக்கிறது. ஒழுக்கம் கற்பிக்கும் நேரம் வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது: முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்விக்கு, மற்றவர்கள் நன்னெறிக் கல்விக்கு. சபைகூடலில் ஒன்றாக நின்று தேசியக் கோட்பாட்டைச் சொன்னவர்கள், அதன் ஐந்தாவது கோட்பாடான நன்னடத்தையைத் தனித்தனி அறையில் கற்கிறார்கள். இஸ்லாமிய மரபில், நபித்தோழர் அபூதர் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்தபோது, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உன்னிடம் இருக்கிறது என்று நபிகள் கடிந்துகொண்ட செய்தி இருக்கிறது. அது ஆணவத்தைப் பற்றிய கண்டிப்பே அன்றி வேறில்லை. நம் பிள்ளைக்கு அது தெரியாது. முஸ்லிம் பிள்ளைக்கு நம் ஆணவ மலம் தெரியாது. மாதத்துக்கு ஒரு பாடவேளை இரண்டு வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்து, பிறரை இழிப்பதைப் பற்றி அவரவர் சமயம் என்ன சொல்கிறது என்று பேசினால் எந்தச் சமயத்துக்கும் நட்டமில்லை.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறோம். ராகம் பார்க்கிறோம், உச்சரிப்புப் பார்க்கிறோம். பாடலின் பொருளைக் கேட்டால் பல பிள்ளைகளுக்குத் தெரியாது; ஆணவம் என்றால் திமிர் என்றுதான் சொல்லும். கோயில் சமய வகுப்பை நடத்துகிறவர்கள் இந்த ஒரு கருத்தையாவது முழுமையாகச் சொல்லிக் கொடுக்கட்டும்: இருள் எல்லாரிடமும் இருக்கிறது, அது தன்னைக் காட்டாது, ஆகவே 'விளையாட்டுக்குத்தான்' என்று வாய் சொல்லும்போதெல்லாம் நின்று யோசி. வீட்டில் பெற்றோர் 'பங்களா' என்பதையும் 'கறுப்பி' என்பதையும் நிறுத்தட்டும். பிள்ளை பள்ளியில் இழிவுபட்டு வந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்; தலைமையாசிரியர் கேட்காவிட்டால் கல்வி இலாகாவுக்குப் போங்கள்; தயங்க வேண்டாம். அதே பிள்ளை இன்னொரு பிள்ளையை இழித்தது என்று புகார் வந்தாலும் அதே வேகத்தோடு பள்ளிக்குப் போங்கள். இரண்டாவது முறை போகத் துணியாதவருக்கு முதல் முறை போனதற்கான நியாயம் பாதிதான்.